நல்லூரில் பூச்சட்டை விருந்து

கவிப்பிரியா வீட்டு முன்னால் குழி வெட்டி ஒரு முழுப் பன்றியைப் புதைக்கப் போகிறாளாம். துக்கத்துக்கு வருகிறவர்கள் பூப்போட்ட சட்டையில்தான் வரவேண்டுமாம். மான்செஸ்டரில் இருந்த எனக்குச் செய்தி இப்படித்தான் வந்து சேர்ந்தது. சொன்னவள் என் தங்கை. அவளுக்குச் சொன்னது பனியன் கம்பெனி வேனில் பக்கத்து சீட்டுக்காரி.

பதறிக்கொண்டு விடுமுறைக்குத் திருப்பூர் நல்லூருக்கு வந்து பார்த்தால், பன்றி உண்டு, குழி உண்டு, பூச்சட்டை உண்டு. துக்கம் மட்டும் இல்லை. கோடை விருந்து. எங்கோ கடல் நடுவே, தீவுக்காரர்கள் சூடான கற்களுக்கு மேல் பன்றியை வைத்து மண் மூடி வேகவைப்பதை வீடியோவில் பார்த்துவிட்டு, தெருவையே அழைத்திருந்தாள்.

அவளும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நான் விமானம் ஏறினேன். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்து, ஓவர்லாக் தையல் பழகி, லைன் சூப்பர்வைசர் ஆனாள். பன்றிக்கறி கொண்டுபோகும் நாள்களில் டிபன் மூடியால் பாதியை மறைத்துக்கொண்டுதான் சாப்பிடுவாள். "ஆட்டுக்கறியா கவி?" என்று கேட்டால் "ஆமாங்க" என்பாள். இப்போது வேலையை விட்டுவிட்டு, வாடகை வீட்டின் முன்னறையில் பன்றிக்கறிக் கடை போட்டு, பெரிய எழுத்தில் பலகை மாட்டத் துணிந்திருந்தாள். வீட்டுக்காரர் அர்த்தநாரி சோமனூர்க்காரர், முருக பக்தர், கவிச்சி தொடாதவர். அவர் சொன்னது ஒன்றுதான்: "தெருவுல ஒருத்தரு மூஞ்சியச் சுளிச்சாலும் பலகை வேண்டாம் கண்ணு."

அதற்காகத்தான் இந்த விருந்து.

காலையில் குழியில் விறகு எரிந்து கற்கள் சிவந்தன. மஞ்சள் பூசிய பன்றியை வாழையிலையில் சுற்றி இறக்கினார்கள். மண் உள்ளே போகாதபடி மேலே ஈரத்துணி போடவேண்டும். தெரு அவரவர் கேட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தது. ஒருவரும் இறங்கி வரவில்லை. புகை எதிர்வீட்டுக்குள் போகிறதே, யாராவது போலீசைக் கூப்பிட்டால் என்ன செய்வது என்று நான் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

கவிப்பிரியாவின் கணவன் சுரேஷ், பூச்சட்டை தைத்து மிஞ்சிய துணியைக் கட்டாகக் கொண்டுவந்து வாளியில் முக்கப் போனான்.

"நில்லுங்க மாமா." கவிப்பிரியா ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினாள். நூல் உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டது. "பாலியஸ்டருங்க! கறியோட பிளாஸ்டிக்கும் வேகும்!"

"காட்டன்னு லேபிள் இருந்துச்சே?"

"கம்பெனியில அந்த லேபிள ஒட்டுனதே நீங்கதானுங்களே!"

எதிர்வீட்டில் நிட்டிங் மெசின் ஓட்டும் தங்கராஜ் வாய்விட்டுச் சிரித்தார். "ஏம் மாப்ளே, திருப்பூர்ல இருந்துக்கிட்டுத் துணி தெரியலியா? இருங்க, நம்மகிட்ட சாயம் ஏத்தாத சுத்தக் காட்டன் இருக்குது" என்று ஒரு சுருளோடு வந்தார்.

பக்கத்து வீட்டுக் குப்பாயி அக்கா அதிலும் ஒரு நூலைக் கொளுத்தி முகர்ந்தாள். "இதுலயும் என்னமோ கலந்திருக்குது தங்கராசு."

"எம்பட மெசின்லயா? நல்லா மோந்து பாருங்க, காயிதம் எரியற வாசம்!"

அவ்வளவுதான். ஆளுக்கொரு துணியோடும் தீப்பெட்டியோடும் தெரு குழியைச் சுற்றிக்கொண்டது. சாம்பலை விரலில் தேய்த்துப் பார்த்துச் சண்டை. கேட்டைத் தாண்டி வந்துவிட்டோம் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

"பஞ்சாயத்த அப்புறம் வெச்சுக்கங்க, கல்லு ஆறுது!" என்று கத்தினாள் கவிப்பிரியா. தேறிய துணிகளையெல்லாம் நனைத்துப் போட்டு மண்ணை மூடினார்கள்.

சாயங்காலம் முதல் ஆளாக வந்தவர் தங்கராஜ். பூச்சட்டை தொப்பையில் இறுகியிருந்தது. "எங்க துணி என்னாச்சுன்னு பாக்கலாம்னு வந்தனுங்க." அவர் பின்னாலேயே தெரு வந்தது. இலையைப் பிரித்ததும் ஆவி எழுந்தது. எலும்பு தானாகக் கழன்றது. ஒரு துணுக்கு மண் இல்லை. தெருவில் கவிச்சி தொடாத இரண்டு குடும்பங்களும் தக்காளிச் சோறு வாங்கி அதே பந்தியில் உட்கார்ந்தன.

"ஞாயித்துக்கெழமையானா உங்க ஊட்டு ஜன்னல் மட்டும் ஏனுங்க சாத்திக்குது?" என்று குப்பாயி அக்கா தங்கராஜைக் கேட்டாள்.

"கொசுங்க."

"கொசுவு மொளகு போட்டு வறுக்குதாக்கும்!"

பந்தி குலுங்கியது. தங்கராஜும் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டுக்கு இலையை நீட்டினார்.

கவிப்பிரியா கையைத் துடைத்து, அர்த்தநாரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பூச்சட்டைகள் எல்லாம் போனைச் சுற்றிக் குனிந்தன.

"எடுத்தா எங்கிட்டக் குடு கண்ணு," என்றார் தங்கராஜ் வாயில் கறியோடு. "பலகைக்கு நான் பேசறன்."

"முழுங்கிப்போட்டுப் பேசுங்க!"

போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.