முத்தம்மா தேடிய இரண்டாவது திரை

முத்தம்மாவை நினைத்தால், ஒரு மழை மதியத்தில் இருண்ட திரையின் முன் அவள் காத்திருந்த முகம்தான் என் கண்முன் வருகிறது.

அது 1988. ஈப்போவில் பழனியப்பன் அண்ணனின் கணினிக் கடையில் நாங்கள் இருவரும் நிரல் எழுதினோம். அவள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண், பாலிடெக்னிக் முடித்தவள். நில அளவையாளர் மயில்வாகனத்துக்கு அவள் எழுதிய வரைபட நிரல் சரியாக ஓடினால் கடையில் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் கமுந்திங்கில் தொழிற்சாலை வேலைதான்.

மயில்வாகனத்தின் அலுவலகத்தில் இருந்த கணினிக்கு இரண்டு திரைகள். வண்ணத்திரையில் வரைபடம் வர வேண்டும். மஞ்சள் எழுத்துத் திரையில் அளவுகள். அப்படியோர் இயந்திரத்தை அன்றுதான் முதலில் பார்த்தோம். வரைபடம் வந்தது. மற்றது இருண்டே கிடந்தது.

"என்ன பிள்ளை, ஒண்டு நித்திரையோ?" என்றார் மயில்வாகனம்.

பழனியப்பன் அண்ணன் அவள் பக்கம் குனிந்தார். "ரெண்டு திரையோட அளவையும் நீயே எழுதி வச்சிரு லா. சினாங்கா, சுலபமா முடிஞ்சிரும்."

"வேற ஆபீஸ்ல வேற திரை இருக்கும்ணே. தப்பான அளவு போனா பழைய திரை எரிஞ்சிரும்."

எத்தனை புள்ளிகள் காட்ட முடியும் என்று அவள் நிரல் கணினியைக் கேட்டிருந்தது. கணினியோ அப்போது இயங்கிய திரைக்கு மட்டும் பதில் சொல்லியிருந்தது. மற்ற திரையை இயக்கும் மின்சுற்று அட்டையை நிரல் தனியாகத் தொட்டு, அதில் துடிப்பு இருக்கிறதா என்று நாடி பிடிப்பது போலச் சற்றுக் காத்திருந்து பார்க்க வேண்டும். அவள் அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினாள்.

ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றுகள் மழையில் கரைந்துகொண்டிருந்தன. உன்னால் என்ன முடியும் என்று அவள் திரையைக் கேட்டதுபோல நான் என்னைக் கேட்டதுண்டா? எங்கள் வீட்டின் முதல் பட்டதாரிக்கு எது பொருந்தும் என்று மற்றவர்கள்தான் சொல்லி வந்தார்கள். நான் தலையாட்டியே வந்தேன்.

இருட்டில் மஞ்சளாக ஒரு வரி எழுந்தது. 720, 348. அதன் கீழே வண்ணத்திரையின் அளவு.

மயில்வாகனம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எங்கட தெலுக் இந்தான் கிளைக் கந்தோரில ஒரு திரைதான். அங்கையும் ஓடுமோ?"

"அங்கயும் முதல்ல கேட்டுக்கும் சார்."

"அப்ப செவ்வாய்க்கிழமை அங்கை வாரும் பிள்ளை."

"வாரேன் சார்."

வேனில் ஏறியதும் பழனியப்பன் அண்ணன் அவளிடம் கேட்டார்.

"கமுந்திங் போறதா வீட்ல சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே."

"சொல்லாத."

அவள் ஈரக் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.