கரண்ட் வேலிக்காரி

எங்கள் குதிரையைப் பற்றி இலுப்பைக்கடவையில் அபிப்பிராயம் இல்லாத ஆள் கிடையாது. உழாத மிருகம், பால் தராத மிருகம், அதற்கு ஒரு வளவும் வேலியும் என்னத்துக்கு என்று தேத்தண்ணிக் கடையில் பேசிக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, வைத்திருக்கிறேன். இதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இல்லை.

நானும் கணவரும் பள்ளிமுனையில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர் கடலுக்குப் போவார். நான் மன்னார்த் தீவில் கடற்கரையோரம் இருந்த ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் செய்தேன். வெளிநாட்டுக்காரர் ஏறிச் சவாரி போக அங்கே ஒரு பெண் குதிரை நின்றது. விடுதியை மூடும்போது முதலாளி, “அவிழ்த்து விடுங்கோ, ரவுனில கழுதைகளோட திரியட்டும்” என்றார். மன்னார் நகரத் தெருவில் கழுதைகள் படும் பாடு எனக்குத் தெரியும். பஸ் அடித்து நொண்டி, குப்பையில் பொலித்தீன் தின்று நிற்பவை. அன்றைக்கே ஒரு சின்ன லொறி பிடித்து, இலுப்பைக்கடவையில் நாங்கள் புதிதாக வாங்கிக் குடியேறியிருந்த வளவுக்குக் குதிரையைக் கொண்டுவந்துவிட்டேன். கணவர் கடலால் வந்து பார்த்துவிட்டு, “மீன் வாங்கப் போனவள் மீனோட வருவாள். சமைக்கப் போனவள் குதிரையோட வந்து நிக்கிறாள்” என்று சிரித்தார். ஆனால் தண்ணீர் அள்ளி வைத்தது அவர்தான்.

வளவைச் சுற்றி முன்னைய சொந்தக்காரர் போட்ட முள்ளுக்கம்பி இருந்தது. மாட்டுக்கு அது போதும். மாடு முள்ளில் குத்துப்பட்டால் பின்வாங்கும். குதிரை அப்படியில்லை. வெருண்டால் ஓடும், என்ன குறுக்கே இருக்கிறது என்று பார்த்து ஓடாது, கம்பியில் கால் சிக்கினால் விடுபடும்வரை இழுக்கும். பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குக் கொளுத்திய வெடிக்கு அது வெருண்டு பாய்ந்ததில் பின்னங்கால் கிழிந்து சதை தொங்கியது. நான் என் சீலையால் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அழுதேன், ஓம், மிருகத்துக்காகத்தான் அழுதேன்.

மிருக வைத்தியர் வந்து தைத்தார். “நரம்பு தப்பியிருக்கு. இன்னொருக்கா இப்பிடிச் சிக்கினா இது எழும்பாது. வேலியை மாத்துங்கோ, இல்லாட்டி குதிரையை வேற எங்கயும் அனுப்புங்கோ.” அனுப்புவதற்கு ஓர் இடமும் இருந்தது. கலியாண ஊர்வலங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடும் ஒருவர் ஏற்கெனவே வந்து கேட்டிருந்தார். அவருடைய மற்றக் குதிரையின் முதுகை நான் பார்த்தேன். சேணம் உரசிய புண்ணில் இலையான் மொய்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆளிடம் கொடுப்பதைவிட நானே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க வளவில் நிற்பேன்.

எங்கள் பக்கத்தில் வேலி என்றால் முள்ளுக்கம்பி, இல்லாவிட்டால் கிளுவைக் கதியால். பச்சைத் தடிகளை வரிசையாக நட்டு, அவை துளிர்த்து வேலியாவதைத்தான் கதியால் என்கிறோம். அதில் பனையோலை வைத்து அடைப்பார்கள். குதிரை ஓலையில் முதுகு தேய்த்தே ஒரு பக்கத்தைச் சரித்துவிட்டது. மதில் கட்டுகிற வசதி எங்களுக்கு இல்லை. மிஞ்சியது, வேலிக்கென்றே விற்கிற மெசினால் கரண்ட் கொடுக்கிற கரண்ட் வேலி.

“அதுக்கு மெசின் என்னத்துக்கு? மீட்டருக்குக் கிட்ட இருந்து ஒரு வயரை இழுத்துவிட்டாச் சரிதானே” என்றார் கணவர். இவர் மட்டும் சொல்லவில்லை. பன்றிக்கு வயலில் அப்படித்தான் செய்கிறார்கள், எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. அப்படிக் கட்டிய கம்பியில் மனிதர் விழுந்து செத்ததும் எல்லோருக்கும் தெரியும்.

“இஞ்சாருங்கோ, வீட்டு லைனைக் கம்பியில குடுத்தா நான் அண்டைக்கே பள்ளிமுனைக்குப் போயிடுவன். குதிரையோட போவன்” என்றேன். அவர் அதன் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

வீட்டுக் கரண்ட் பிடித்தால் விடாது. மெசின் தருவது ஒரு தட்டு. தட்டும், விடும், மறுபடி தட்டும். இடையில் காலையோ கையையோ எடுத்துக்கொள்ள நேரம் இருக்கும். நோகும், கொல்லாது. இதைத் தெரிந்துகொள்ள நான் இஞ்சினியருக்குப் படிக்கவில்லை. போனில் தேடி, ஆட்களைக் கேட்டு, மறுபடி மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மன்னார் பசாரில் கடைக்காரர், “யானைக்கோ அக்கா?” என்றார்.

“குதிரைக்கு.”

“மன்னாரிலயோ? கழுதை எண்டு சொல்லுங்கோ, வெக்கப்படாதேங்கோ.”

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்துவிட்டு மெசினைக் காட்டச் சொன்னேன். சின்ன சோலர் தட்டும் பற்றரியும் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். கரண்ட் போகும் நேரம் வேலியும் சேர்ந்து போகக்கூடாது. கம்பி என்று அவர் எடுத்து வைத்தது நூல் மாதிரி மெல்லிய கம்பி. ஓடுகிற குதிரைக்கு அது கண்ணில் படாது, பட்டபின் வெட்டும். வேண்டாம் என்றேன். யானைக்கே இதுதான் என்றார். யானைக்கு நீங்கள் கட்டுங்கள், என் குதிரைக்கு இரண்டு விரல் அகலத்தில் கம்பி இழை கலந்து நெய்த வெள்ளை நாடாதான் என்று சொல்லிவிட்டு, அதைக் கொழும்பு பஸ்சில் சொல்லி எடுப்பித்தேன். நாடாச் சுருளைக் கண்ட கணவர், “மாதா திருநாளுக்குத் தோரணமோ?” என்று கேட்டார்.

தூண் நட்டது அவர். வேலி என்றால் கதியால்தான் என்ற நினைப்பில் கிளுவைத் தடிகளை வெட்டிக் கொண்டுவந்து நட்டார். எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. பிறந்த நாள் முதல் பார்த்த வேலி எல்லாம் அப்படித்தானே. தடிகளில் பிளாஸ்டிக் பிடிகளைத் திருகி, நாடாவை மேலே ஒன்றும் நடுவில் ஒன்றுமாக இழுத்துக் கட்டினோம். அவர் வலை கட்டுகிற முடிச்சுப் போட, நான் பிடித்து இழுத்தேன். பழைய முள்ளுக்கம்பியை வெட்டிச் சுருட்டும்போது எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது? பாட்டுப் பாடிக்கொண்டு வெட்டினேன்.

சுவிச்சைப் போட்டால் ஒன்றுமில்லை. சோதிக்கிற லைற் எரியவேயில்லை. கணவர் நாடாவைத் தடவி, “நல்லாக் கிச்சுக் காட்டுது” என்றார். எர்த் கம்பியைக் காய்ந்த மணலில் இறக்கியிருந்தோம். காய்ந்த மணலில் கரண்ட் திரும்பிப் போக வழியில்லை. மறுநாள் அதைப் பிடுங்கி, கிணற்றடியில் குளித்த தண்ணீர் ஓடி வாழைக்குப் போகிற இடத்தில், இன்னும் நீளமான கம்பிகளாக ஆழ இறக்கினோம். லைற் எரிந்தது. குதிரை புதிய சாமானை விசாரிக்க வந்து மூக்கை வைத்தது. நாலு காலும் நிலத்தைவிட்டு எழும்பி, வளவின் மற்றப் பக்கம் போய் நின்று, நான்தான் அடித்தேன் என்பது போல என்னைப் பார்த்தது. பாவமாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அது நாடாவுக்குக் கிட்டப் போகவில்லை. கால் புண் காய்ந்து மயிர் முளைக்கத் தொடங்கியது.

அப்போதுதான் பக்கத்து வளவு அண்ணை படலைக்கு வந்தார். நெல் செய்கிறவர், மரியாதையான மனிசர், எங்களை இந்த ஊருக்கு வரவேற்ற முதல் ஆளும் அவர்தான்.

“தங்கச்சி, உது சரிவராது. கடற்கரைச் சனத்துக்கு வேலியைப் பற்றி என்ன தெரியும்? வேலியோரம் பிள்ளையள் போய்வாற ஒழுங்கை. ஒண்டு போய்ப் பிடிச்சுதெண்டா?”

“பிடிச்சா நோகும் அண்ணை. பிறகு பிடிக்காது.”

“விசர்க்கதை கதைக்காதேங்கோ. கழட்டுங்கோ. இல்லாட்டி நான் விதானையாரிட்டச் சொல்லுவன்.”

பிள்ளைகளை நினைத்துப் பயப்படுவது பிழையென்று நான் சொல்லவில்லை. கடற்கரைச் சனம் என்றது எனக்குச் சுட்டது. சொல்லுங்கோ என்றேன். சொல்லிவிட்டார். கிராம அலுவலரை எங்கள் பக்கத்தில் இன்னும் விதானையார் என்றுதான் கூப்பிடுவோம். தான் வந்து பார்ப்பதாகவும், ஆபத்து என்று முடிவு செய்தால் வேலியைக் கழற்ற வேண்டும் என்றும் அவர் ஆள் அனுப்பிச் சொன்னார். வேலி கழன்றால் முள்ளுக்கம்பி, அது இல்லாவிட்டால் அந்தக் குதிரை வாடகைக்காரர். வேறு வழி எதுவும் என் கையில் இல்லை.

இடையில் மழை பிடித்துக்கொண்டது, நல்ல மழை.

மழை விட்ட காலையில் விதானையார் மோட்டார்சைக்கிளில் வந்தார். அண்ணையும் அவருடைய மனைவியும் வந்தார்கள். ஒழுங்கையால் போன சனமும் நின்றுவிட்டது. கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“இதைப் பிடிச்சா ஆள் சாகாதெண்டு எப்பிடிச் சொல்லுறீங்கள்?” என்று விதானையார் கேட்டார்.

“பிடிச்சுக் காட்டுறன் ஐயா” என்றேன். செருப்பைக் கழற்றினேன். செருப்போடு பிடித்து ஏமாற்றினாள் என்று பிறகு ஒருவர் சொல்லக்கூடாது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று, முழுக்கையாலும் நாடாவைப் பிடித்தேன்.

ஒன்றுமில்லை. லேசாக விரல் கூசியது, அவ்வளவுதான்.

சனம் ஆச்சரியத்தோடு பார்த்தது. விதானையாரின் முகம் தெளிந்தது. “அப்ப ஆபத்தில்லைத்தானே” என்று அவர் முடிவு சொல்லத் தொடங்கினார். கணவர் என் முழங்கையில் இடித்து, “காணும், விடு. வெண்டாச்சு” என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. செத்த வேலியைப் பிடித்துக் காட்டி வெல்லவா நான் இவ்வளவு பாடுபட்டேன்? நாளைக்கு வேலை செய்யும்போது ஒரு பிள்ளை தொட்டுக் கத்தினால், இவள் பொய்க்காரி என்பார்கள், அது சரியாகவும் இருக்கும். அதோடு கரண்ட் இல்லாத நாடா குதிரையையும் மறிக்காது.

“பொறுங்கோ ஐயா. இது இப்ப வேலை செய்யேல்ல” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேலியைப் பார்த்தேன். காரணம் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது. மழைக்குக் கிளுவைத் தடி எல்லாம் துளிர்த்து, ஈர இலைகள் நாடாவில் பட்டு, கரண்ட் எல்லாம் கதியால் வழியே நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. உயிருள்ள தடியில் கரண்ட் வேலி கட்ட எங்கள் ஆட்களைத் தவிர வேறு ஒருவராலும் முடியாது. கணவர் தலையைச் சொறிந்தார். மெசினை நிற்பாட்டிவிட்டு, இருவருமாக வேலி நீளத்துக்கும் துளிரை உருவிக்கொண்டு போனோம். சனம் கலையாமல் நின்றது. விதானையார் மோட்டார்சைக்கிளில் சாய்ந்துகொண்டு பார்த்தார். அவரைக் காக்க வைத்ததில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

மெசினைப் போட்டு, ஈர மண்ணில் நின்று, மறுபடி பிடித்தேன். தோள்வரை ஒரு அடி விழுந்தது. “அட கோதாரி!” என்று கத்திக்கொண்டு பின்னால் போனேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாயில் வந்த மற்றச் சொற்களை இங்கே எழுத முடியாது. சனம் சிரித்தது.

“இப்பத்தான் ஐயா வேலை செய்யுது. நோகுது. நான் நிக்கிறன். இப்ப சொல்லுங்கோ” என்றேன்.

அண்ணை, “பொம்பிளை பிடிவாதத்தில தாங்கிப்போட்டா. சின்னப் பிள்ளை தாங்குமோ?” என்றார்.

அண்ணையின் மனைவி முன்னால் வந்தா. அவவும் செருப்பைக் கழற்றினா. நான் மறிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டா. ஒரு விரலை நாடாவில் வைத்து, “அம்மோவ்!” என்று கையை உதறினா. பிறகு விரலைப் பிடித்துக்கொண்டு தன் கணவரின் பக்கம் திரும்பினா.

“நான் தொட்டிட்டன், நிக்கிறன். எங்கட வயலில பன்றிக்குக் கட்டியிருக்கிறியளே, அதை இப்பிடி ஒரு விரலால தொடுவியளோ? வாங்கோ, இந்தச் சனத்தையும் கூட்டிக்கொண்டு போவம். தொட்டுக் காட்டுங்கோ.”

விதானையார் பார்வையைக் குதிரைமேல் வைத்துக்கொண்டார். அவர் காதில் விழாத மாதிரி நின்றது எனக்குப் பிடிக்கவில்லை.

“ஐயா, அக்கா சொன்னது கேட்டதோ?” என்றேன்.

“கேட்டது” என்றார் அவர், என்னைப் பார்க்காமல். “நீங்கள் வேலியில ‘கரண்ட் வேலி, தொடாதே’ எண்டு ஒரு போட் எழுதிக் கட்டுங்கோ. இருக்கட்டும்.” பிறகு அண்ணையிடம், “நீங்கள் இண்டைக்கே கழட்டுங்கோ” என்றார்.

குதிரை நிற்கும் என்று ஆகிவிட்டது. நான் வீட்டுக்குள் போய் ஆறுதலாக ஒரு தேத்தண்ணி குடித்திருக்கலாம். கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்துக்கொண்டு அண்ணையின் பின்னால் வயலுக்குப் போனேன். கழற்றினாரா என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். அக்கா கரண்டை நிற்பாட்ட அவர்களுடைய வீட்டுக்குப் போனா. அவர் வீட்டுப் பக்கம் திரும்பி, “நிப்பாட்டியாச்சோ?” என்று கூப்பிட்டுக் கேட்டார். அக்கா ஓம் என்றா. அவர் கம்பிக்குக் கிட்டப் போய்க் கையை நீட்டி, எடுத்துக்கொண்டார். மறுபடி கேட்டார். அக்கா மறுபடி ஓம் என்றா. அந்தக் கம்பி வரம்பு வழியே, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கால் போகிற பாதையை ஒட்டி முழங்கால் உயரத்தில் ஓடியது. மூன்றாம் தரமும் கேட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

அக்கா வீட்டுச் சுவரிலிருந்து பிடுங்கிய வயரின் நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு வயலுக்கு வந்து, எங்கள் இருவரின் கண்ணுக்கும் முன்னால் பிடித்துக் காட்டினா. அதற்குப் பிறகுதான் அவர் கம்பியைத் தொட்டார். அதுவரை நானும் தொடவில்லை.