கடைசி சீட்டில் கைடின் மனைவி

நகரத்திலிருந்து மலைக்கு ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போகும் கைடு அவர். மூடுபனியில் ஒன்றுமே தெரியாத பள்ளத்தாக்கைக்கூடப் பேசியே கண்முன் நிறுத்திவிடுவார். வீட்டில்தான் மகராசன் வாயைத் திறக்க மாட்டார்.

“ஊரையே கூட்டிட்டுப் போறீங்க, என்னை ஒரு நாளாவது கூட்டிட்டுப் போனீங்களா?” என்று மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். பிறகு ஒரு மழை நாளில் பஸ்ஸின் கடைசி சீட் காலியாக இருக்கவே, டிக்கெட் இல்லாமல் அவளை ஏற்றிக்கொண்டார்.

மாலையில் கிளம்பும்போது வழக்கம்போலத் தலைகளை எண்ணினார். டிக்கெட் எத்தனையோ, தலையும் அத்தனை.

“சரியா இருக்கு, வண்டிய எடுங்கண்ணே” என்றார் டிரைவரிடம்.

பாதி மலை இறங்கியதும் தொண்டை வறண்டது. தண்ணீர் கேட்கப் பின்னால் திரும்பினார். கடைசி சீட்டில் அவள் கைப்பை மட்டும் இருந்தது.

பஸ்ஸில் இருந்தவர்கள் கத்தக் கத்த இறங்கி, எதிரே வந்த லாரியில் தொற்றிக்கொண்டு மேலே போனார். கழிப்பறைக்குப் போய்வந்த அவள், மூடிய டீக்கடை வாசலில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள். மலையே வெறிச்சோடிக் கிடந்தது.

அவள் அழவில்லை, திட்டவுமில்லை.

“எண்ணிப் பாத்துட்டுத்தானே கிளம்புனீங்க?” என்று மட்டும் கேட்டாள்.