அசனத்தில் வெந்த விதை மொச்சை

செம்மண்ணைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து, அதில் மொச்சையைப் போட்டுப் புரட்டி, பனம்பாயில் பரப்பி வெயிலில் காயவைத்தால் ஒரு வாசனை வரும். கோடையின் முதல் தூறல் விழுந்ததும் தரையிலிருந்து எழும் அதே வாசனைதான் என்றாலும், அதற்குள்ளே பயற்றின் பச்சை வாடையும் கொஞ்சம் கலந்திருக்கும். சொட்டு மழை இல்லாத மாசி மாதத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் மட்டும் மழை வாசம் அடிக்க, நான் பாய்க்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அதை அனுபவித்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் வயிறுதான் எரிகிறது.

மம்சாபுரத்தில், பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த சண்டைக் காலத்தில் நடந்தது இது. என் அப்பா சாமுவேல் கரிசலில் பருத்தியும் சோளமும் போட்ட சம்சாரி. மலையைப் பார்த்தாற்போல் எங்களுக்கு இன்னொரு துண்டு நிலமும் இருந்தது. செவல் மண், மண்ணைவிடச் சரளைக்கல் அதிகம். "அதுல குத்துக்கல்லுதான் வெளையும்" என்று அப்பா அதை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். அந்தக் காட்டில்தான் அம்மா ஞானம்மாள் மொச்சை போட்டாள். சுந்தரபாண்டியத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது முந்தானையில் முடிந்துகொண்டு வந்த விதை அது. கடை மொச்சையில் பாதிகூட இருக்காது, பழுப்பு நிறத்தில் கறுப்பு வரி ஓடியிருக்கும். "ரெண்டு மழை பேஞ்சாப் போதும், மிச்சத்தப் பனி பாத்துக்கிடும்" என்பாள். சொன்னது போலவே மார்கழிப் பனியைக் குடித்துக்கொண்டு அந்தக் கொடி பூவெடுத்துத் தையில் காய்த்துத் தள்ளும்.

பெண்கள் தங்கள் கைக்கென்று சிறுகச் சிறுகச் சேர்ப்பதை எங்கள் பக்கம் "சிறுவாடு" என்பார்கள். அம்மாவின் சிறுவாடு முழுக்க மொச்சைதான். எண்ணெய், உப்பு, என் பாவாடை, என் சிலேட்டு எல்லாம் அந்தக் குத்துக்கல் காடு தந்தவை. பருத்தி வரும்படியில் அப்பா வண்டிமாடு வாங்குவார், வெள்ளைச் சட்டை தைப்பார், ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் முன்வரிசையில் உட்காருவார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மேகத்தைப் பார்ப்பதும், மாட்டின் சுழியைப் பார்ப்பதும், கூடிப் பேசும் இடத்தில் தன் காட்டுப் பருத்தியின் உயரத்தைக் கையால் காட்டுவதுமாக இருந்த சாதாரண சம்சாரிதான். கை காட்டும் உயரம் மட்டும் செடியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

தின்பதற்கும் விற்பதற்கும் போக, விதைக்கென்று பொறுக்கிய மொச்சைக்குத்தான் மண் கட்டுவது. மண் கட்டிய பயற்றை வண்டு துளைக்காது. அம்மா அதைக் கறுத்த பானையில் நிரப்பி, பழைய சேலைக் கரையால் வாயைக் கட்டி, அடுப்படி மூலையில் வைப்பாள். வீட்டில் எதுவுமே இல்லாமல் போன நாளிலும் அந்தப் பானையில் கை வைத்ததில்லை.

விதைப்புக்கு முன், ஆனி மாதத்தில், எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை வரும். சபையார் தத்தம் காட்டில் விளைந்ததில் நல்லதைக் கொண்டுவந்து பீடத்துப் படிக்கட்டருகில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் போடுவார்கள். மறுநாள் "அசனம்" என்னும் ஊர்ச் சாப்பாடு. கொடுக்க மனமிருந்தும் பொருளை விட மனமில்லாதவர்களுக்கு அதில் ஒரு வழியும் இருந்தது: வைத்த வீட்டாரே ஏலத்தில் கேட்டு, அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பாதிப் பேர் கறவை ஆட்டைக்கூட அப்படிக் கூட்டிவந்து கூட்டிப்போனவர்கள்தான்.

அந்த வருடம் கரிசலில் பருத்தி புழு விழுந்து போயிற்று. அப்பாவிடம் வைப்பதற்கு ஒன்றுமில்லை. வெறுங்கையோடு முன்வரிசையில் உட்காருவது எப்படி? அம்மாவும் ஊரில் இல்லை; சுந்தரபாண்டியத்தில் தன் தாய்க்குச் சுகமில்லை என்று போயிருந்தாள். அப்பா அடுப்படிக்குள் வந்து பானையைத் தூக்கித் தோளில் வைத்தார். "அது அம்மா வெத" என்றேன். "சும்மா வச்சு எடுத்துட்டு வரதுதானேட்டி, பானையென்ன தேஞ்சா போவும்?" என்றார்.

அம்மா பண்டிகை அன்று நேரே கோயிலுக்கே நடந்து வந்துவிட்டாள். கால் புழுதியோடு பெண்கள் பக்கம் என் அருகில் உட்கார்ந்தவள், படிக்கட்டருகில் தன் சேலைக் கரை கட்டிய பானை இருப்பதைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. ஏலத்தில் பெண்கள் வாய் திறக்கும் வழக்கம் கிடையாது. என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "ஏட்டி, ஓடிப்போயி அப்பாட்டச் சொல்லு. அம்புட்டும் வெத. வேற ஒரு மணி கெடயாது. எப்பிடியும் எடுத்துரச் சொல்லு." நான் ஆண்கள் பக்கம் ஓடிச் சொன்னேன். அப்பா என்னைப் பார்க்காமலே, "தெரியும். நான் எடுத்துக்கிடுதேன், போ" என்றார்.

எடுத்திருப்பார். பஞ்சு வியாபாரம் செய்த ஆசீர்வாதம் என்பவர் மட்டும் அன்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எடுத்திருப்பார். முன்வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்து இடம் அவருடையது. இருவருக்கும் எதிலும் ஒரு படி மேலே நிற்கவேண்டும். அப்பா கேட்டார், ஆசீர்வாதம் ஏற்றிக் கேட்டார், அப்பா மறுபடி கேட்டார். அப்போது ஆசீர்வாதம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "என்ன சாமுவேலு, கொடுத்தத நீரே தூக்கிட்டுப் போனா அதுக்குப் பேரு காணிக்கையா வே? பானைக்கு ஊர்வலம்லா!"

ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. ஊரில் பாதிப் பேர் செய்வதுதான், ஆனாலும் சிரித்தார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கென்ன, நீரே எடுத்துக்கிடும்" என்று உட்கார்ந்துவிட்டார். ஆசீர்வாதம் சளைத்தவரா? ஏலம் எடுத்த கையோடு எழுந்து நின்று, "இத நான் வீட்டுக்குக் கொண்டுபோகல. நாளைக்கு அசனத்துக்கே விட்டுருதேன்" என்று அறிவித்தார். சபை மகிழ்ந்தது. போதகர் இருவருடைய தாராள மனத்துக்காகவும் ஜெபம் செய்தார். அம்மா கண்ணை மூடவில்லை, பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயுமுன் என்னையும் கூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கடை மொச்சையோடு அசனச் சமையல் நடக்கும் கொட்டகைக்குப் போனாள். அளவுக்கு அளவு மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணம். ஆசீர்வாதத்தின் மனைவி அங்கே மேற்பார்வையில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகமும் வாடிவிட்டது. "செத்த நேரம் முன்னால வந்துருக்கக் கூடாதா தாயி? மண்ணக் கழுவி ஊறப் போட்டாச்சே" என்றார். அம்மா அண்டாவுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். மழைக்கு இன்னும் நாள் கிடக்கிறது. காய்ந்த மண்ணில் ஊறிய விதையைப் போட்டால் அது மண்ணுக்குத்தான் தீனி. அள்ளியதை மறுபடி அண்டாவிலேயே விட்டாள்.

மறுநாள் பந்தியில் மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. சின்ன மணி, சீக்கிரம் வெந்து வெண்ணெயாகிவிட்டது என்று பரிமாறியவர்கள் பெருமைப்பட்டார்கள். அப்பா இரண்டாம் தரம் வாங்கினார். நானும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்பதுதான் எனக்கு ஆத்திரம். அம்மா பந்தியில் உட்காரவேயில்லை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். நாங்கள் நிஜமாகவே விதையைத் தேடினோம். சுந்தரபாண்டியத்தில் அம்மாவின் அண்ணன் எப்போதோ நிலக்கடலைக்கு மாறியிருந்தார். "அந்தச் சின்ன மொச்சய யாரு இப்பம் வச்சிருக்கா" என்று கேட்டு அனுப்பிவிட்டார். அப்பா ராஜபாளையத்துச் சந்தையில் பளபளவென்று பெரிய மொச்சையாகப் பார்த்து வாங்கிவந்தார். கொடி படர்ந்தது, அப்படி ஒரு கொடியை அந்தக் காட்டில் யாரும் கண்டதில்லை. மழை நின்று மண் இறுகிய பிறகே பூவெடுத்து, எடுத்த பூவெல்லாம் கருகி உதிர்ந்தது. அந்தப் பச்சைக் கொடியையும் அப்பா கையால் உயரம் காட்டினார். தை மாதம் என் சிலேட்டு உடைந்தது, வேறு வாங்கவில்லை. அத்தோடு என் படிப்பும் நின்றது. அம்மா ஊரார் காட்டுக்குக் கூலிக்குப் பருத்தி எடுக்கப் போனாள்; நானும் கூடப் போனேன்.

அம்மா அழுததையோ அப்பாவிடம் சண்டை போட்டதையோ நான் பார்க்கவில்லை. "அவிய வெச்சாவ, அவிய விட்டாவ" என்று மட்டும் ஒருமுறை அப்பாவைப் பற்றிச் சொன்னாள். ஆனால் ஒன்று செய்தாள். சோறு பொங்குமுன் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனியே எடுத்துவைக்கும் "கைப்பிடி அரிசி" வழக்கம் எங்கள் பெண்களிடம் உண்டு. அதை அம்மா நிறுத்திவிட்டாள். கோயிலிலிருந்து அரிசி வாங்க வந்த அக்காளிடம், "எங்க வீட்டுக் கைப்பிடிய மொத்தமா அண்டாவுல போட்டாச்சு, போயிட்டு வா" என்று சொல்லிவிட்டாள். சாகும்வரை மொச்சையை அவள் வாயில் வைக்கவில்லை.

இன்று அந்தச் செவல் காட்டில் வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். அப்பா சொன்னபடி கடைசியில் குத்துக்கல்தான் விளைந்தது. கறுப்பு வரி ஓடிய அந்தச் சின்ன மொச்சையை ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் பார்க்கும் கடையிலெல்லாம் கேட்டுவிட்டேன். பெயர் சொல்லக்கூடத் தெரிந்தவர் இல்லை. அறுப்பின் பண்டிகை மட்டும் விடாமல் நடக்கிறது. பிளாஸ்டிக் வாளியும் சோப்புக் கட்டியும் ஏலம் போகின்றன.

சென்ற பண்டிகையில் புதிதாக வந்திருக்கும் இளம் போதகர், பழையவர்கள் யாரோ சொல்லக் கேட்டு, "தன் விதையையே காணிக்கையாகத் தந்த சாமுவேல்" என்று என் அப்பாவை வைத்துப் பிரசங்கம் செய்தார். ஆராதனை முடிந்ததும் கம்பை ஊன்றிக்கொண்டு அவரிடம் போனேன். "அய்யா, அது அவிய வெத இல்ல. எங்கம்மா வெத" என்றேன். அவர் என் கையை அன்பாகப் பிடித்துக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணுதானம்மா, ஒரே வீடுதானே" என்றார்.

ஒரே வீடுதான். பசி வந்தபோதும் எல்லாருக்கும் ஒரே பசிதான். பேர் மட்டும் அப்பாவுக்கு.