இரண்டு மீட்டர் துணி

அப்பா எடை, அளவு ஆய்வாளர். கடைத்தெருவில் அவருக்குப் பெயர் ‘கிலோ’. “கிலோ வர்றாரு, பழைய எடைக்கல்ல உள்ள வை” என்பார் ஒருவர். “உசரத்தப் பாத்தா கிலோமீட்டர் மாதிரில்ல இருக்காரு” என்பார் அடுத்த கடைக்காரர். அப்பாவுக்குக் கேட்கும். சிரிக்க மாட்டார்.

எல்லாக் கடைகளும் மீட்டருக்கும் கிலோவுக்கும் மாறியே தீர வேண்டும் என்று சட்டம் வந்தது. தெருவின் பெரிய துணிக்கடை என் மாமாவுடையது, அம்மாவின் அண்ணன். அவர் மேசை விளிம்பில் ஒரு கஜ இடைவெளியில் இரண்டு பித்தளை ஆணிகள் இருந்தன. துணியை ஓர் ஆணியிலிருந்து மற்றதற்கு இழுத்து அளப்பார்.

“எங்கப்பா காலத்துலேருந்து இந்த ஆணிதான் மாப்ள. இதுல ஏமாந்தவன் ஒருத்தனக் காட்டுங்க.”

“உங்க கஜம் சரிதான் மச்சான். பக்கத்துக் கடை கஜம் ரெண்டு விரல் குறையுது. வாங்குறவனுக்கு எப்படித் தெரியும்?”

“அப்ப அவன் ஆணியப் புடுங்குங்க.”

“அவனுக்கும் உங்களுக்கும் ஒரே சட்டம்.”

சட்டம் தந்த கெடு முடிந்த மறுநாள், வாடிக்கையாளர்கள் பார்க்க, அப்பா குறடால் வலப்பக்க ஆணியைப் பிடுங்கினார். எட்டரை சென்டிமீட்டர் தள்ளி அடித்தார். வேறோர் ஆய்வாளரை அனுப்பியிருக்கலாம். “சொந்தக்காரன்னு விட்டுட்டான்னு பேர் வரக்கூடாது” என்றார்.

மாமா அதன்பிறகு எங்கள் வீட்டுப் படியேறவில்லை. அம்மா நோயில் கிடந்தபோது கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் “அண்ணனா?” என்று கேட்பாள். இல்லை என்று சொல்லும் வேலை அப்பாவுடையது. அவள் போனபோதும் மாமா வரவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு ஆட்சி மாறியது. இனி யாரும் எந்த அளவிலும் விற்கலாம் என்று அறிவித்தார்கள். செய்தியைக் கேட்டுவிட்டு அப்பா வானொலியை அணைத்தார்.

“இனிமே மச்சான் வரலாம்ல?” என்றார்.

மாமா ஆணியைப் பழைய துளைக்கே மாற்றினார். வரவில்லை. அப்பா வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மிச்ச நாட்களைக் கழித்தார்.

அவர் இறந்த காலை நானே மாமா கடைக்குப் போனேன். துணி வேறு கடையிலும் கிடைக்கும்.

“அப்பா போயிட்டாரு மாமா. மேல போத்த ரெண்டு மீட்டர் வெள்ளத் துணி வேணும். நீங்களும் வாங்க.”

மாமா வெள்ளைத் துணிக்கட்டை மேசைமேல் விரித்தார். துணியை இரண்டு முறை இழுத்து அளந்து கிழித்தார்.

“கடையில ஆள் இல்லம்மா.”

வீட்டில் போர்த்தினோம். தலையை மூடினால் கால்விரல்கள் வெளியே தெரிந்தன. நான் பாலங்கள் வடிவமைப்பவள். கணக்குத் தானாக ஓடியது. இரண்டு கஜம், நூற்று எண்பத்து மூன்று சென்டிமீட்டர். அப்பா நூற்று எண்பத்து நான்கு.

தொலைபேசியில் அழைத்தேன்.

“துணி பத்தல மாமா.”

“ரெண்டு கஜம் இருக்குமே.”

“நான் மீட்டர் கேட்டேன்.”

“எனக்கு மீட்டர் கீட்டரெல்லாம் தெரியாதும்மா. கைப்பழக்கம்.” கொஞ்சம் இருமினார். “மிச்சத்தக் குடுத்தனுப்புறேன்.”

“நீங்களே எடுத்துட்டு வாங்க மாமா. ஒரு தடவ.”

வைத்துவிட்டார்.

கடைப் பணியாள் ஒரு சிறிய பொட்டலம் கொண்டுவந்தார். முழுசாக ஒரு கஜம் அனுப்பியிருக்கலாம். உள்ளே ஒரு பட்டை மட்டும் இருந்தது. அப்பாவின் பையிலிருந்த அளவுநாடாவை எடுத்து வைத்துப் பார்த்தேன். பதினேழு சென்டிமீட்டர். இரண்டு மீட்டருக்குக் குறைந்தது அவ்வளவுதான். ஒரு நூல் கூடவில்லை, ஒரு நூல் குறையவில்லை.

அதை அப்பாவின் பாதங்கள்மேல் போட்டேன். கதவைத் திறந்தே வைத்திருந்தோம், தூக்கும்வரை.