பாவின் ஒரு முனை

அறுபதுகளில் எங்கள் நெசவாளர் தெருவில் யார் வீட்டுப் புடவைக்குப் பாவு நீட்டினாலும், விடியற்காலையில் தறியில் ஏற்றப்போகும் அந்த நீள இழைகளின் ஒரு முனையைப் பிடித்து நிற்பவர் என் வீட்டுக்காரர்தான். ஆள் இல்லாத வீடு என்றால் தன் தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார். ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர், மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான்.

காரியம் முடிந்த மறுவாரம், எதிர்வீட்டு மாணிக்கம் தன் மகள் வள்ளியின் கல்யாணப் புடவைக்குப் பாவு நீட்டினார். என் வீட்டுக்காரர் இல்லாமல் ஒரு ஆள் குறைந்தது. பட்டு இழைகள் தொய்ந்து மண்ணைத் தொடப் பார்த்தன. நான் வாசலைத் தாண்டி ஓடினேன்.

"நீ தொடாதம்மா! கல்யாணப் பாவும்மா இது" என்று கத்தினார் மாணிக்கம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அவரு சாவறதுக்கு முந்தின நாளு கூட உங்க வீட்டு வேலைக்குத்தான் வந்து நின்னுக்கினு இருந்தாரு. அவரு கை ஆவும், அவரு பொண்டாட்டி கை ஆவாதா?"

உள்ளேயிருந்து வள்ளி வந்தாள். "அக்கா, வெயில் ஏறுது. நல்லா இழுத்துப் புடிக்கா" என்றாள்.

அவர் நிற்கும் இடத்தில் நின்று இழுத்துப் பிடித்தேன். அழவில்லை. அழுதால் கை தளர்ந்துவிடும்.

அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு போன வள்ளிக்கு ஐந்தாறு வருடத்தில் மூன்று பிள்ளைகள். அதன் பிறகும் சகுனம் பார்த்து முணுமுணுத்தவர்களிடம், "வள்ளியப் போய் பாருங்க" என்பேன். விடிந்தால், யார் வீட்டுப் பாவானாலும் ஒரு முனை என் கையில்தான்.