கடைமடைக் குழு

ஜெயபாரதியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் துரைராசு, "என்னை அதுல இழுக்காத" என்றார். அவரை இழுக்காமல் எப்படி எழுதுவது? அந்த வருஷம் எங்கள் சம்பாப் பயிர் பிழைத்தது பாரதியால். சாகக் கிடந்தது இவரால்.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம். மேட்டூரைத் திறந்தாயிற்று என்று டிவியில் பூத்தூவிக் காட்டும்போது எங்கள் வாய்க்காலுக்குள் நாய் படுத்திருக்கும். தண்ணீர் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று டீக்கடையில் ஆளுக்கொரு பேச்சு. அதை நம்பி நாற்று விட்டுக் கருகவிட்டவர்களும் உண்டு, நம்பாமல் இருந்து பிந்திப் போனவர்களும் உண்டு.

பாரதி திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ வந்தவள். புருஷன் அரவிந்தன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறார். குத்தகை நிலத்தை இவள்தான் பார்க்கிறாள். ஆள் ஒல்லி, குரல் மட்டும் நாலு தெருவுக்குக் கேட்கும். பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒரு ஆனி மாதம் வாட்ஸ்அப்பில் 'கடைமடை' என்று ஒரு குழு ஆரம்பித்தாள். அதற்கு ஒரே ஒரு சட்டம்தான்.

"வாய்க்கால்ல எறங்கிக் கால நனைச்சவங்க மட்டும் தண்ணி வந்துச்சுன்னு சொல்லுங்க. அவர் சொன்னாரு, இவர் சொன்னாருன்னு யாரும் போடாதீங்க."

முதலில் சிரித்தார்கள். பிறகு மேல்மடை ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டு, எங்கள் ஊர் மதகைத் தண்ணீர் தாண்டிவிட்டது என்று முழங்கால் தண்ணீரில் நின்றபடி படம் அனுப்ப ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் நாற்று யாருக்கும் கருகவில்லை. அதற்கப்புறம் டீக்கடைப் பேச்சு டீக்கடையோடு நின்றுபோனது. எதுவென்றாலும் "பாரதி குழுவுல வந்துச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்தக் குழுவிலிருந்து என் வீட்டுக்காரரை அவள் ஒருமுறை தூக்கிவிட்டாள். ஐப்பசி மழையில் இவருக்கு எங்கிருந்தோ ஒரு வீடியோ வந்தது. ஆற்றங்கரை உடைந்து தண்ணீர் பாய்கிறது. இவர் முன்பின் யோசிக்காமல் "நம்ம ஆறு உடைஞ்சிடுச்சு" என்று போட்டுவிட்டார். ஊரே மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. பாரதி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கரையில பாக்குமரமா நிக்கிது. நம்ம பக்கம் பாக்குமரத்தை எங்க பாத்தீங்க?" என்று கேட்டு, கேட்ட கையோடு வெளியேற்றிவிட்டாள். மனுஷர் சில நாள் என் ஃபோனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. பிறகு நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன்.

அப்புறம் ஏஐ வந்தது. பேசினால் தமிழிலேயே பதில் சொல்லும் என்று அரவிந்தன் ஊருக்கு வந்திருந்தபோது அவள் ஃபோனில் போட்டுக் கொடுத்தார். பாரதி அதை ஒரு புது மருமகளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். எடுத்த எடுப்பில், "எங்க வாய்க்காலுக்குத் தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டாள். அந்தத் தகவல் என்னிடம் இல்லை, உங்கள் ஊர்க்காரர்களைக் கேளுங்கள் என்றது. "அட, தெரியாததைத் தெரியலன்னு சொல்லுதே அண்ணி!" என்று என்னிடம் ஓடி வந்தாள். இன்னொரு நாள் கோயில் தேர் எப்போது என்று கேட்டதற்குக் கொஞ்சமும் தயங்காமல் ஒரு தேதி சொன்னது. சுத்தத் தப்பு. அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் வந்தாள். "கேட்டுக்கலாம் அண்ணி. ஆனா அதுக்குக் காலு இல்ல. எறங்கிப் பாக்குறது நம்ம வேலை."

எனக்கு அது புரிந்தது. என் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. ஆரம்பத்தில், "மெஷினுக்கு என்ன வெவசாயம் தெரியும்?" என்று சொல்லித் திரிந்தவர், மாட்டுக்கு வயிறு உப்பியபோது அது சொன்ன யோசனை பலித்ததும் தன் ஃபோனிலும் அதைப் போட்டுக்கொண்டு ஒரேயடியாக அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். அவருக்கு எதையும் பாதியாக நம்பத் தெரியாது. பாதியாகக் கேட்க மட்டும் நன்றாகத் தெரியும்.

கார்த்திகை மாதம். விடாத தூறல். முந்தைய குறுவைப் பயிரை மழை கொண்டுபோயிருந்தது. இந்தச் சம்பாவும் போய்விட்டால் நிலத்தை யாருக்காவது விட்டுவிட்டுத் திருப்பூருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று அவர் வாயாலேயே சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட நேரத்தில் நடுவயலில் பயிர் மஞ்சளாகத் தொடங்கியது. அவர் என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஃபோனில் படம் எடுத்து, பயிர் வெளுக்கிறது, என்ன செய்யலாம் என்று ஏஐயிடம் கேட்டிருக்கிறார். தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம் என்று அது ஆரம்பித்ததுமே நிறுத்திவிட்டு, யூரியா மூட்டை வாங்கி வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் மூட்டையை வரப்பில் இறக்கிக்கொண்டிருந்தார். நானும் கூட இருந்தேன். பாரதி தன் வயலுக்குப் போகிற வழியில் நின்றாள்.

"என்ன அண்ணே, இந்த மழையில யூரியா?"

"ஏஐ சொல்லிச்சு பாரதி. தழைச்சத்து பத்தலையாம்."

"ஃபோனைக் குடுங்க" என்று வாங்கி, அது சொன்னதை முழுக்க ஓடவிட்டாள். படத்தில் இருக்கிற பயிர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மழைக்காலத்தில் திட்டுத் திட்டாக மஞ்சளானால் பயிரின் அடித்தூரில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்காமல் உரம் போட வேண்டாம் என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு அவர் எடுத்த படத்தைப் பார்த்தாள்.

"இது ரோட்டோரத்து மூலைல்ல? மஞ்சளா இருக்கறது நடுவுல. அதை ஏன் எடுக்கல?"

இவர் தலையைச் சொறிந்தார். எங்கள் பக்கத்தில் ரோட்டோரத்து மூலைக்கு எப்போதும் ஒரு பிடி எரு அதிகம் விழும். பஸ்ஸில் போகிறவர்கள் பார்ப்பார்கள் அல்லவா? வந்த விருந்தாளியையும் அந்த மூலையோடு திருப்பிக் கூட்டிவந்துவிடுவோம். கெட்ட பயிரைக் காட்டுவது மானக்கேடு. ஆனால் மெஷினிடம்கூடவா மானம் பார்ப்பார் ஒரு மனுஷர்?

"அது அசிங்கமா இருக்கு பாரதி" என்றார் மெதுவாக.

"டாக்டர்கிட்டப் போனா வலிக்காத கையவா நீட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். நடுவயலில் குனிந்து தூரை விலக்கினாள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, எள்ளைக் கொட்டியதுபோல் பழுப்புப் பூச்சிகள். புகையான். யூரியா போட்டிருந்தால் அதற்கு விருந்து வைத்த மாதிரி ஆகியிருக்கும். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாரதி அவர் ஃபோனிலேயே தூரைப் படமெடுத்து ஏஐயிடமும் கேட்டாள், வேளாண் அலுவலருக்கும் அனுப்பினாள். புகையானாக இருக்கலாம், தண்ணீரை வடியுங்கள், நேரில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றது அது. மதியமே அலுவலர் வந்து பார்த்து அதையேதான் சொன்னார். தூரில் படுகிற மாதிரி அடிக்க மருந்தும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பாரதி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அண்ணே, இந்தப் படத்தைக் குழுவுல போடலாமா? உங்க பேரைப் போட மாட்டேன். மத்தவங்களும் எறங்கிப் பாப்பாங்க."

இவர் என் கையிலிருந்த தன் ஃபோனை வாங்கிக்கொண்டார். படத்தை அவரே போட்டார். குரலும் அவரே பதிந்தார். "இது என் வயலுதான். துரைராசு பேசறேன். நடுவுல புகையான் அடிச்சிருக்கு. நல்லா இருக்கற எடத்தைப் படம் புடிச்சுக் காட்டி ஏமாந்து போக இருந்தேன். எல்லாரும் நடுவயல்ல எறங்கித் தூரைப் பாருங்க."

கல்யாணம் ஆனதிலிருந்து இந்த மனுஷரை நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது.

விடிந்ததும் குழுவில் படம் படமாக வந்தது. எல்லாம் நடுவயல், எல்லாம் தூர். பாதிப் பேருக்குப் பூச்சி இல்லை. இருந்தவர்கள் அன்றைக்கே தண்ணீரை வடித்தார்கள். எங்களுக்குப் பயிர் அங்கங்கே வட்டமாகக் கருகிப்போனது, மற்றதெல்லாம் தப்பித்தது. தை பிறந்து அறுவடை மெஷின் வயலில் இறங்கியபோது திருப்பூர்ப் பேச்சு எங்கள் வீட்டில் இல்லை. அதற்கு எந்த மெஷினுக்கு நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பாரதிக்குச் சொல்லத் தெரியும், சொன்னேன். அவள், "போங்க அண்ணி, வேலை கெடக்கு" என்றாள்.

ஆனால் குழுவில் படம் படமாக வந்த அந்தக் காலையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு அடுத்த வயல்காரர் பிரபு. குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர், இளவயசு. அவர் குழுவில் எதுவும் போடவில்லை. எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, என் வயல்லயும் பூச்சின்னு எனக்குப் பத்து நாளாவே தெரியும். உங்களுதவிட மோசம். ஊட்டுல கூட சொல்லல. நீங்க மட்டும் போடலன்னா நான் கடைசி வரைக்கும் யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேண்ணே."

என் வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வா, எறங்கிப் பாப்போம்" என்று அவர் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.